மூவாயிரத்துக்குக் குறையாது

ஞாயிறு. த்ரிஸ்தான் நர்வாஹா தெரு முழுக்கச் சந்தை.
குழாய்த் திருகு, முயல் குட்டி, ஒற்றைச் செருப்பு.
வில்மரின் மேசையில்
ஓடாத ஒன்பது கடிகாரங்களுக்கு நடுவே
கிடந்தது ஒரு சோர்க்கி கேமரா.
தோலுறையைத் திறந்தால்
யாரோ எப்போதோ புகைத்த சுருட்டு.

"வேலை செய்யுமா?"
"கடிகாரம் மாதிரி" என்றான்.
எந்தக் கடிகாரம் என்பது நாக்கு நுனிவரை வந்தது.
இரண்டாயிரம் பெசோ என்றேன். மாத்தே உறிஞ்சினான்.
இரண்டாயிரத்து ஐந்நூறு. பிளாஸ்கைச் சாய்த்து
இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொண்டான்.
"மூவாயிரத்துக்குக் குறையாது."
நகரத் தொடங்கியவளின் முதுகுக்குச் சொன்னான்:
"முதலில் முறுக்கணும். பிறகுதான் வேகத்தைத் திருப்பணும்.
மாற்றிச் செய்தால் உள்ளே ஒரு பல் உடையும்."

பல் என்றதும் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.
டாக்டர் ஒலாசாபால் கிளினிக்கில்
பத்தொன்பது வருடமாகப் பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு
ஈயச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது
என் தொழில்.

சமையல் மேசையில் வைத்து அதன் முதுகைக் கழற்றினேன்.
பிலிம் நுனி மூன்று முறை நழுவியது.
நான்காம் முறை, நான் ஒரு குமிழை முறுக்க
எதிர்ப்பக்கக் குமிழும் தானாகச் சுழன்றது.
பிடித்துக்கொண்டது! தங்கை மிர்த்தாவைக் கூவி அழைத்தேன்.
சட்டி எரிகிறது என்றாள்.

பார்க்கும் துளையின் நடுவே மஞ்சளாய் ஒரு கட்டம்.
அதற்குள் எல்லாரும் இரண்டிரண்டு.
துறைமுகச் சுவரில் இரண்டு மீன்காரர்கள்,
இரண்டு தூண்டில், ஒரே சிகரெட்டுக்கு இரண்டு புகை.
விரலால் லென்ஸைத் திருக
ஒருவன் நகர்ந்து வந்து மற்றவனுக்குள் நுழைந்துகொள்கிறான்.
அந்தக் கணத்துக்காகவே அழுத்தினேன்.
பிளேன் மரத்துப் பஞ்சுக்குத் தும்மிய பேப்பர்க்காரர்.
நூற்றுநான்காம் பஸ்ஸில் தூங்கி விழுந்த நர்ஸ்.
சூப் கரண்டியோடு மிர்த்தா, கோபமாக.
முப்பத்தாறு.

சுருளைக் கழுவிய எலியோ விளக்குக்கு நேரே பிடித்தான்.
ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள்.
நடுவில் வெறும் கண்ணாடி.
"செனோரா நெல்பா, லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா?"

நான் பார்க்கும் துளை வேறு, அது பார்க்கும் கண் வேறு.
நான் கண்டதையெல்லாம் அதுவும் காணும் என்று
எனக்கு யார் சொன்னது?
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
அந்த நர்ஸின் தலை ஜன்னலில் இடித்த விதம்
இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.
நான் மறந்தால் அதுவும் போயிற்று.

மூடியைப் பொத்தான் டப்பாவில் போட்டேன்.
கிளினிக் பிளாஸ்திரியை வெட்டி கேமராவின் தலையில் ஒட்டி எழுதினேன்:
வெயில் பதினாறு. மெல்லிய மேகம் பதினொன்று.
நிழல் என்றால் ஐந்து புள்ளி ஆறு. மிர்த்தா என்றால் கெஞ்சு.
ஒரு மாதம் பஸ் நிறுத்தத்தில்
வானத்தைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி தள்ளி நிற்க.

இங்கே ஈயச் சுவர் இல்லை.
அசையாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்கிறார்கள்.
நானும் அவர்களோடு அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் சுருளில் ஏழு படம் தேறியது.
ஏழில் ஒன்று வில்மர்.
கடிகாரங்கள் மங்கலாக, கன்னம் குழிய உறிஞ்சுகிறான்,
இடக் காதில் மட்டும் வெயில்.
அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தான்.

"அப்படியென்றால் வேலை செய்கிறது" என்றான்.
"நீதானே சொன்னாய்?"
"ஒன்பது வருடம் இங்கே கிடந்தது.
நான் பிலிம் போட்டுப் பார்த்ததே இல்லை."

படத்தை இரண்டு கடிகாரங்களுக்கு இடையே சாய்த்து வைத்தான்.
தொப்பிக்காரர் ஒருவர் நின்றார். குனிந்தார்.
கடிகாரங்களை விட்டுவிட்டு
அதற்கு விலை கேட்டார்.

வில்மர் என்னைப் பார்த்தான்.
நான் பிளாஸ்கை எடுத்து
அவன் மாத்தேயில் வெந்நீர் ஊற்றினேன்.